பன்னீர் சொட்டும் முகம்

"பேய்க்கு வேர்க்குமா கானூம்?" என்று கேட்டான் குபாத்.

கானூம், அதாவது அம்மணி, என்று அவன் அழைத்த தூரான், சுவரடியில் குந்தியபடி தலையைத் தூக்கவில்லை. "எதுக்குக் கேக்கறே?"

"கீழே ஈரமா இருக்கே. விடிய விடிய சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னா, பாவம், அதுக்கும் வேர்க்காதா?"

குபாத்துக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அது பிறவிக்குணம். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். ஆனால் அன்று காலை, காஷான் நகரத்தின் அந்த ஒடுக்கமான சந்தில், சுண்ணாம்புச் சுவரில் இருந்த முகத்துக்கு முன்னால் நின்றபோது அவன் பேச்சுக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

கறுப்பு ஸ்பிரே பெயின்டில் அடித்த முகம். ஒரு கிழவியின் முகம். கன்னமும் நெற்றியும் தீயில் வெந்தது போலக் கறுத்திருந்தன. தலைமுடி வெள்ளை; அதில் அங்கங்கே சில கறுப்பு இழைகள். தாடையைச் சுற்றி வெள்ளை முக்காட்டை இறுக்கி முடிந்திருந்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் கறுப்பு. கறுப்பாக இருக்க வேண்டிய விழி வெள்ளை. அந்த வெள்ளை விழிக்குள் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. குபாத் இந்தப் பக்கம் நகர்ந்தான், அந்தப் பக்கம் நகர்ந்தான். அது அவனையே பார்த்தது.

"வெள்ளிக்கிழமை விடிஞ்சா ஒண்ணு. இது மூணாவது," என்றார் அர்தவான். அந்தச் சுவருக்கு எதிர் வீட்டுக்காரர், கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், இவர்களை வரவழைத்தவரும் அவர்தான். தூக்கமில்லாத கண்கள். "எங்க பாட்டிங்க. அம்மாவோட மாமியார். உயிரோட இருந்தப்பவே அம்மாவைப் படாத பாடு படுத்தினவங்க. இப்படித்தான் வெள்ளை முக்காட்டைத் தாடைக்குக் கீழே முடிஞ்சிருப்பாங்க. கிழவி திரும்பி வந்துட்டான்னு தெருவே பேசுது."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் தூரான்.

"ஒண்ணும் சொல்றதில்லே. ஜன்னல்ல நின்னு சுவத்தையே பாக்கறாங்க. அவங்களுக்கு இதயம் பலவீனம். அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் கறாராச் சொல்லியிருக்கார். சாயந்திரத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடிங்க கானூம். எவன் பண்ணியிருந்தாலும் சரி, அவன் கையை உடைக்கறேன்!"

கடைசி வார்த்தைகளைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மேலே ஜன்னல் திரை லேசாக அசைந்தது.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நானும் அம்மாவும்தான். தம்பி பர்ஹாம் ஜெர்மனியில இருக்கான்." சொல்லிக்கொண்டே அர்தவான் கையிலிருந்த போனைச் சட்டைப்பையின் அடி வரைக்கும் தள்ளினார். பிறகு, சாயந்திரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தூரான் காஷானில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். வழுக்கை மாப்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் முடி வளர்த்தவர். ஜென்மத்துக்கும் முறைத்துக்கொண்ட சம்பந்திகளை ஒரே படத்தில் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தியவர். பொய்யைக் கட்டத் தெரிந்தவருக்கு அதைப் பிரிக்கவும் தெரியும் என்று ஊர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. திருட்டு, மிரட்டல், காணாமல்போன மருமகன் எல்லாம் அவர் வாசலுக்கு வர ஆரம்பித்தன. குபாத் டாக்ஸிக்காரன். அப்படி ஒரு வழக்கில் வண்டி ஓட்ட வந்து, வாய் கொடுத்து, உதவியாளனாகவே மாட்டிக்கொண்டவன்.

"அந்த ஈரத்தை மோந்து பார்," என்றார் தூரான்.

"நானா? உங்களுக்கு மூக்கு இல்லையா?"

"மோந்து பாருன்னா பாரேன்."

குபாத் முனகிக்கொண்டே குனிந்தான். "பன்னீர்! அட, காஷான்ல சாக்கடைகூடப் பன்னீர் வாசனைதானே அடிக்கும். இதெல்லாம் ஒரு துப்பா?"

"அது ரோஜா காய்ச்சற மாசத்துல. இலை உதிர்ற காலத்துல தெருவுல பன்னீரைக் கொட்டறது யாரு? சரி, இங்க பார்." முகத்தின் ஓரத்தில், பெயின்ட் காய்வதற்கு முன் பதிந்த ஒரு விரல் நுனி. ஒரே இடத்தில் மறுபடியும் மறுபடியும் தட்டிய தடம்.

"காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்திருப்பான்."

"ஒரு தடவை தொட்டாத் தெரியாதா? இத்தனை தடவை தட்ட அது என்ன கதவா?"

குபாத் முகத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தான். பின்கழுத்து அரித்தது.

வண்டிக்குள் தூரான் மடிக்கணினியைத் திறந்து படத்தை ஏற்றினார். முதலில் நிறத்தை எடுத்தார். சுவரின் கீறல், காரை உதிர்ந்த இடம், ஈரக்கறை எல்லாம் சாம்பல் நிறத்தில் கசகசவென்று நின்றன. பிறகு அந்தச் சாம்பலையும் குறைத்துக் குறைத்து, இருட்டு ஒன்று வெளிச்சம் ஒன்று என்று இரண்டே படியில் கொண்டுவந்து நிறுத்தினார். சில்லறைப் புள்ளிகள் பெரிய வடிவங்களோடு கலந்து மறைந்தன. சுவர் போய் முகம் மட்டும் மிஞ்சியது.

"இன்னும் பயங்கரமா ஆக்கிட்டீங்க," என்றான் குபாத்.

"கொஞ்சம் பொறு. முக்காடு முடிஞ்சா முடிச்சு எங்கே? காது எங்கே? எனக்கு இந்தக் கிழவி மேல நம்பிக்கை வரலே."

ஒரு விசையைத் தட்டினார். கறுப்பு வெள்ளையாயிற்று, வெள்ளை கறுப்பாயிற்று.

கிழவியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வாலிபன் இருந்தான். வெள்ளை முடி கருகருவென்று அடர்ந்த முடியாகியிருந்தது. கறுப்பு இழைகள் அதன் மேல் விழுந்த பளபளப்பு. மிளகுப் புள்ளி, கண்ணில் துளி வெளிச்சம். தாடையைச் சுற்றியிருந்த வெள்ளை முக்காடு, அழகாகக் கத்தரித்த தாடி. யாரோ ஏதோ கேட்டதற்குச் சிரிக்கப் போகிற முகம்.

"யா கடவுளே! ஊரே இந்தப் பையனையா மாமியார்னு சொல்லிக்கிட்டுத் திரியுது?"

"யாரோ ஒரு போட்டோவை இப்படி நிழலும் வெளிச்சமுமாப் பிரிச்சு, தாளை வெட்டி, அந்த ஓட்டை வழியா அடிச்சிருக்காங்க. ஆனா சுவத்துல கறுப்பு அடிக்க நிழலைத்தானே வெட்டணும்? இவங்க வெளிச்சத்தை வெட்டியிருக்காங்க."

"அப்ப வெட்டினவன் சரியான மண்டு."

"மண்டுவா? கண்ணுக்குள்ள விழி உதிர்ந்துடாம இமையோட ஒரு நூல் பாலம் விட்டிருக்கான் பாரு. கை தேர்ந்தவன். அவனுக்குத் தினமும் கறுப்பு மேலதான் வேலை. கறுப்பை அப்படியே விட்டுட்டு வெளிச்சத்தை மட்டும் கொத்தி எடுக்கிற வேலை. இந்த ஊர்ல அப்படி எது கறுப்பு?"

"என் தலையெழுத்து," என்று ஆரம்பித்த குபாத் அப்படியே நிறுத்தினான்.

அவன் அப்பாவின் முகம் கறுப்புக் கல்லில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை சாயந்திரம் போவான். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவுவான், பன்னீர் ஊற்றுவான், குந்தி உட்கார்ந்து விரல் நுனியால் கல்லைத் தட்டிக்கொண்டே இறந்தவருக்கான பாத்திஹா ஓதுவான். நான் வந்திருக்கேன்ப்பா என்று அப்பாவுக்குச் சொல்வதற்குத்தான் அந்தத் தட்டல். இப்போது அவன் விரல் தானாக ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கபர்," என்றான். "சுவத்தை யாரோ கபர் மாதிரி வெச்சிருக்காங்க கானூம். வியாழக்கிழமை அடிச்சதைத்தான் ஊர் வெள்ளிக்கிழமை பாக்குது."

"வண்டியை எடு. கல் கொத்துற இடத்துக்குப் போ."

இடுகாட்டை ஒட்டிய கபர்ஸ்தான் சாலையில் கல் பட்டறைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது பட்டறையில் ஆள் கிடைத்தது. நெகின் என்ற பெண், ஒரு கையில் சூரியகாந்தி விதை, ஒரு கையில் மவுஸ். திரையில் யாரோ ஒரு பெரியவரின் படம். அவர் கன்னச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், மனுஷன் எழுபது வருஷம் சம்பாதிச்ச சுருக்கம்," என்றான் குபாத்.

"கல்லுக்கு ஒரே நிறம் சார். எல்லாத்தையும் வெச்சா முகம் கொத்துக்கறி ஆயிடும்," என்று விதைத் தோலைத் துப்பினாள். "படிப்படியா நிழலைக் குறைச்சுக்கணும். அதுல எது போனாலும் ஆள் மாறிடுமோ அதை மட்டும் வெச்சுட்டு மத்ததைத் தள்ளிடணும். கடைசியில மூக்கோட நிழல், கண்ணு, வாய் ஓரம் நிக்கும். அவ்வளவுதான், பெத்தவ பாத்தா அழுதுடுவா."

தூரான் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நெகின் விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"இது என் வெட்டு. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"யாரோட கல்லு?"

அவள் எழுந்து, பின்பக்கம் சாத்திவைத்திருந்த ஒரு கல்லின் மேலிருந்த சாக்கை விலக்கினாள். கண்ணாடி போல மெருகேற்றிய கறுப்பில் அதே வாலிபன் சிரிக்கப் போய்க்கொண்டிருந்தான். கீழே பெயர். பர்ஹாம்.

குபாத் படித்ததையே மறுபடி படித்தான். "ஜெர்மனியில இருக்கற பர்ஹாமா?"

"ஜெர்மனிக்கு எங்க போனார்? வழியிலேயே கடல்ல படகு கவுந்துடுச்சாம். உடம்பைக் கொண்டுவந்து கோம் நகரத்துல ரகசியமா அடக்கம் பண்ணியிருக்காங்க. அண்ணன்தான் கல்லுக்குச் சொன்னார். டைல்ஸ் கடை அர்தவான் ஐயா. அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிர் போயிடும்னு யாருக்கும் மூச்சு விடலையாம். படத்தை போன்ல அனுப்பவே கூடாதுன்னார். பர்ஹாம்கிட்டேருந்து சேதி வந்திருக்கான்னு அம்மா இவர் போனைத்தான் எடுத்துப் பாப்பாங்களாம். அதனால வெட்டின தாளையே சுருட்டி, சரி பாத்துக்கோங்கன்னு கடைக்கு அனுப்பினோம். வந்து சேரவே இல்லேன்னு சொல்லிட்டார். மறுபடி ஒண்ணு வெட்டினேன்."

"கொண்டுபோனது யாரு?"

"எங்க மோட்டார் சைக்கிள்காரர். கடையிலதான் குடுத்தேன்னு சத்தியம் பண்றார்."

"எப்பப் போனார்?"

"மத்தியானம்."

தூரான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளி சந்தோஷம் இல்லை. "மத்தியானம் காஷான்ல எந்தக் கடை திறந்திருக்கு? ஊரே சாப்பிட்டுத் தூங்கற நேரம். வெயில்ல காத்திருக்க சோம்பல்பட்டு, வீடு கிட்டத்தானேன்னு வீட்ல குடுத்துட்டுப் போயிருக்கார். உண்மையைச் சொன்னா நீங்க திட்டுவீங்க."

வண்டியில் ஏறியதும் குபாத் பொரிந்தான். "நம்மளைக் கூப்பிட்ட ஆளே கள்ளன்! தானே சுவத்துல அடிச்சுட்டு, தானே கையை உடைக்கறேன்னு கத்தி..."

"அவர் ஏன் அடிக்கணும்? அவருக்குத்தான் கோம்ல கபர் இருக்கே. பன்னீரை அங்க ஊத்துவார், விரலால அங்க தட்டுவார். சுவத்துல தட்டினவங்களுக்கு, போய்த் தட்ட ஒரு கபர் இல்லே குபாத். அதான் சுவத்துல தட்டியிருக்காங்க."

குபாத் புரிந்துகொண்டான். புரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினான்.

"கானூம், நாம தப்பாக் கணக்குப் போட்டிருந்தா? அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்து, நாம போய் வாயைத் திறந்து, அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? கொன்ன பாவம் நமக்கில்லே வரும்?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு. நாம எதையும் கேக்கப் போறதில்லே. டீ குடிக்கப் போறோம். கண்ணைத் திறந்து வெச்சுக்கோ, வாயை மூடி வெச்சுக்கோ."

அர்தவானின் அம்மா எஃபத் கானூம் கதவைத் திறந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒடிந்துவிடுவது போல மெலிந்த உடம்பு, பூப்போட்ட வீட்டு முக்காடு. வீடெல்லாம் பளிச்சென்று இருந்தது. அலமாரியில் பர்ஹாமின் படம், அதே சிரிப்பு. கம்பளத்தில் உட்கார வைத்து, கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்தார். டம்ளரை வாங்கும்போது குபாத் பார்த்துவிட்டான். வலது ஆள்காட்டி விரலின் நுனி கறுத்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் போகாத கறுப்பு.

வாயை மூடிவைக்க அவன் எவ்வளவோ முயன்றான். "என்னம்மா விரல்ல கறுப்பு? கத்திரிக்காய் சுட்டீங்களா?"

தூரான் அவனைப் பார்த்த பார்வையில் டீ ஆறியிருக்கும்.

"கத்திரிக்காய் சுடறதை விட்டுட்டேம்ப்பா," என்றார் எஃபத் நிதானமாக. "அதை ஆசையாத் தின்னவன் இல்லையே."

தூரான் முட்டிபோட்டு நகர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பத் தெரிஞ்சுதும்மா?"

"முன்னாடியே தெரியும். பர்ஹாம் பேர்ல போன்ல தினம் சேதி வரும். மாத்திரை போட்டியாம்மா, படி இறங்காதேம்மா, வெயில்ல நிக்காதேம்மான்னு. என் பர்ஹாம் அப்படிக் கேக்கறவனா? அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இன்னிக்கு என்ன சமைச்சேன்னு. மாத்திரையைக் கேக்கறது அர்தவான். மூத்தவன் எழுதறான்னு எழுத்திலேயே தெரியுதே, எனக்கென்ன பைத்தியமா?"

"அவர்கிட்டே கேட்டிருக்கலாமே அம்மா," என்றான் குபாத்.

"கேட்டா, உயிரோட இருக்காம்மான்னு சத்தியம் பண்ணுவான். நானும் ஒரு வருஷம் நம்பித் தொலைப்பேன். அதுக்குத் தெம்பில்லே எனக்கு." எஃபத் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை உருவினார். தாள் முழுக்க ஓட்டை. "ஒருத்தன் வந்து குடுத்துட்டுப் போனான். வெறும் ஓட்டையா இருக்கே, என்னன்னு ஜன்னல்கிட்டே தூக்கிப் பிடிச்சேன். கீழே பாத்தா என் பிள்ளை படுத்திருக்கான். கபர் கல்லுக்குத்தான் இப்படி வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஓன்னு அழக்கூட முடியலே. அழுதா மூத்தவனுக்குத் தெரிஞ்சுடும். கறுப்பு உடுத்த முடியலே. செத்தவன் பேர்ல அல்வா கிண்டி நாலு வீட்டுக்குக் குடுக்க முடியலே. பெத்தவ நான், என் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத முடியலே."

"அதனால சுவத்துல அடிச்சீங்க," என்றார் தூரான்.

"இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் டப்பா கிடந்துது. வியாழக்கிழமை ராத்திரி பிரார்த்தனைக்கு ஊர் போற நேரத்துல அடிச்சேன். யாராவது பாத்துட்டு வந்து, இது உங்க பர்ஹாமாச்சே, என்னாச்சு கானூம்னு கேக்க மாட்டாங்களா? கேட்டா வாய்விட்டு அழலாமே. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. ஆனா அடிச்சுட்டுத் தாளை எடுத்தா, என் மாமியார் நிக்கறா!" சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழுகை உடைந்தது. "ஊரே பாத்துது. ஒருத்தருக்கும் என் பிள்ளை தெரியலே. மூணு தடவை அடிச்சேன், மூணு தடவையும் அந்தக் கிழவியே வந்தா. சாகற வரைக்கும் என்னை விட மாட்டாளோ என்னவோ."

குபாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் எழுந்து தாளை வாங்கிக்கொண்டு தெற்கு ஜன்னலுக்குப் போனான். சாய்ந்த வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

சிவப்புக் கம்பளத்தில், வெளிச்சத்தாலேயே செய்தது போல, பர்ஹாம் வந்து படுத்தான். ஒளி கன்னத்திலும் நெற்றியிலும். நிழல் தலைமுடியிலும் தாடியிலும். எஃபத் பக்கத்தில் உட்கார்ந்து, கறுத்த விரலால் கம்பளத்தைத் தட்ட ஆரம்பித்தார். உதடு அசைந்தது.

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "அம்மா, மாத்திரை வாங்கிட்டு..." என்று நுழைந்த அர்தவான், தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தினார். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் தம்பியின் முகம் கிடந்தது.

"மிதிச்சுடாதேடா," என்றார் எஃபத். "தம்பி படுத்திருக்கான்."

அர்தவான் மாத்திரைப் பொட்டலத்தை நழுவ விட்டார். தூரானைப் பார்த்தார், குபாத்தைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். "அம்மா, உனக்கு ஏதாவது ஆயிடும்னுதாம்மா..."

"சந்துல நின்னு கத்தினியே, எவன் பண்ணியிருந்தாலும் கையை உடைக்கறேன்னு." எஃபத் வலது கையை நீட்டினார். "இந்தா, உடை."

முகத்தை மிதிக்காமல் சுற்றிவந்து அர்தவான் அம்மாவின் காலடியில் விழுந்தார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவரைக்கும் எங்கே அடக்கி வைத்திருந்தாரோ, அத்தனை அழுகையும் வந்தது. எஃபத்தும் அழுதார், வாய்விட்டு, அக்கம்பக்கம் கேட்க அழுதார். அவர் இதயம் நிற்கவில்லை.

"எப்படிடா இவ்வளவு பாரத்தை நீ ஒருத்தனா சுமந்தே, என் கண்ணே?" என்று மகனின் தலையைத் தடவினார். பிறகு அர்தவானின் விரலைப் பிடித்துக் கம்பளத்தில், தம்பியின் நெற்றி ஓரத்தில் வைத்தார். "ஓது. ரெண்டு பேருமா ஓதுவோம்."

தூரான் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது; யாரோ ஒரு பெண் படியேறி வந்துகொண்டே, "எஃபத் கானூம், என்னாச்சு?" என்று கேட்டாள்.

குபாத்துக்குத் தோள் இரண்டும் மரத்துப்போயின. வெயில் ஜன்னலைத் தாண்டும் வரை அவன் தாளை இறக்கவில்லை.